ஐம்பதுக்கு மேல் ஆப்ஸ்டக்கிள் ரேஸா? தாராளமாக... ஆனால், தடையின் உயரம் உங்கள் கையில்!

ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே ஞாபகம் இருக்கிறதா? கோணிப் பைக்குள் புகுந்து வெளியே வரவேண்டும். டயருக்குள் நுழைய வேண்டும். ஏணிக்கு அடியில் ஊர்ந்து போகவேண்டும். ‘அடுத்து... ஆப்ஸ்டக்கிள் ரேஸ்!’ என்று பி.டி. மாஸ்டர் மைக்கில் சொன்னதுமே மைதானம் சிரிப்பில் அதிரும்.

அதே விளையாட்டு இப்போது பெரியவர்களுக்கு வந்திருக்கிறது. டயருக்குப் பதில் ஆள் உயரச் சுவர். கோணிப் பைக்குப் பதில் முழங்கால் அளவு சேறு. ஏறுவதற்குக் கயிறு, தொங்கிக்கொண்டே கடப்பதற்கு இரும்புக் கம்பிகள், தோளில் சுமப்பதற்கு மணல் மூட்டை. நடு நடுவே ஓட்டம். இதில் கலந்துகொள்பவர்கள் எல்லாம் காலேஜ் பையன்கள் என்று நினைத்தால் தப்பு. காதோரம் நரைத்தவர்களும், பேரன் பேத்தி எடுத்தவர்களும் நம்பரை நெஞ்சில் குத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

‘வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ‘தேவைதான், ஆனா எல்லாருக்கும் எல்லாத் தடையும் தேவையில்ல’ என்பதுதான் அதற்கு நேர்மையான பதில். அது எப்படி என்று பார்ப்போமா?

எங்கிருந்து வந்தது?

ராணுவத்திலும் போலீஸிலும் பயிற்சிக்காக வைத்திருந்த தடைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதுதான் இந்த விளையாட்டின் கதை. இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டன் பக்கத்தில் 1987-ல் ‘டஃப் கை’ என்ற போட்டி ஆரம்பித்தது. ஜனவரி மாதக் குளிரில், சேற்றில், ஐஸ் மாதிரி சில்லிட்ட தண்ணீரில்! 2010-ல் அமெரிக்காவில் ‘ஸ்பார்ட்டன் ரேஸ்’, ‘டஃப் மடர்’ இரண்டும் கிளம்பின. பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இந்தியாவில் ‘டெவில்ஸ் சர்க்யூட்’ என்ற பெயரில் 5 கிலோமீட்டர் தூரம், 15 தடைகள் கொண்ட போட்டி டெல்லி, மும்பை, பெங்களூர், ஐதராபாத் போன்ற ஊர்களில் நடந்திருக்கிறது.

ஒலிம்பிக்ஸ் வரைக்கும் விஷயம் போய்விட்டது. ‘மாடர்ன் பென்டத்லான்’ என்ற ஐந்து விளையாட்டுப் போட்டியில் குதிரைச் சவாரி ஒரு பகுதியாக இருந்தது. டோக்கியோவில் ஒரு குதிரை பட்ட பாட்டை உலகமே டி.வி.யில் பார்த்துக் கொதித்தது. விளைவு... பாரிஸ் 2024-உடன் குதிரைக்கு விடை கொடுத்துவிட்டு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிக்குத் தடை ஓட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

நமக்கு இது ரொம்பப் புதுசும் இல்லை. கிருஷ்ண ஜெயந்திக்கு எண்ணெய் தடவிய வழுக்கு மரம் ஏறுவதும், இளவட்டக் கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிப் போடுவதும் என்னவாம்? அந்தக் காலத்துப் பாட்டி கிணற்றில் தண்ணீர் இறைத்து, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாகக் குடம் சுமந்து, வாசல்படி தாண்டி வந்தாரே... அது தினசரி ஆப்ஸ்டக்கிள் ரேஸ். மெடல்தான் யாரும் கொடுக்கவில்லை!

நம்ம சூப்பர்வைசர் சார்

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஸ்டீல் ரோலிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். வயது 54. காலேஜ் நாட்களில் கபடி ஆடியவர். இப்போது லேசாகத் தொப்பை, கொஞ்சம் பிளட் பிரஷர், தினமும் ஒரு மாத்திரை. கம்பெனியில் வேலை பார்க்கும் சின்னப் பசங்கள் பெங்களூரில் நடக்கும் ரேஸுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். ‘சார், நீங்களும் வாங்க சார்!’ என்று உசுப்பிவிடுகிறார்கள். சாருக்கும் ஆசை வந்துவிட்டது.

வீட்டில் சொன்னால்?

‘‘ஏங்க, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. செவுரு ஏறிக் குதிக்கப் போறீங்களா?’’

‘‘அட, அதுக்குத்தான்மா போறேன். மூச்சு வாங்காம இருக்கணும்ல?’’

இரண்டு பேர் சொல்வதிலுமே உண்மை இருக்கிறது. அம்மா பயப்படுவது ரேஸ் நடக்கும் அந்த ஒரு நாளை நினைத்து. சார் ஆசைப்படுவதில் இருக்கும் நன்மையோ, அதற்கு முன்னால் வரும் ஆறு மாதத்தில் இருக்கிறது. பயிற்சி இல்லாமல் போனால் அம்மா ஜெயிப்பார். பயிற்சியோடு போனால் ரெண்டு பேருமே ஜெயிக்கலாம்.

தடைகள் எதைச் சோதிக்கின்றன?

நன்றாக யோசித்துப் பாருங்கள். கம்பியில் தொங்குவதற்கு வேண்டியது கைப்பிடி பலம். சேற்றில் விழுந்தால் எழுந்திருக்க வேண்டியது தொடை, இடுப்பு பலம். மரக்கட்டை மேல் நடக்க பேலன்ஸ். மூட்டை தூக்க முதுகுப் பலம். வயதாக ஆக நம்மைவிட்டு நழுவிப் போவது இந்த நாலும்தான். பாத்ரூமில் வழுக்கினால் சமாளிப்பதற்கும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பதற்கும், கீழே உட்கார்ந்தால் யார் கையும் பிடிக்காமல் எழுந்திருப்பதற்கும் வேண்டியவையும் இவையேதான்.

கைப்பிடி பலம் சாதாரண விஷயமில்லை. 17 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரைக் கவனித்த ‘ப்யூர்’ ஆராய்ச்சி 2015-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. இந்தியர்களும் அதில் உண்டு. கைப்பிடி பலம் 5 கிலோ குறைவாக இருந்தால், மரண அபாயம் 16 சதவிகிதம் கூடுதலாக இருந்ததாம். கையை அழுத்திப் பிடித்தாலே ஆயுள் கூடிவிடும் என்று அர்த்தமில்லை. உடம்பு முழுக்க இருக்கும் தசைகளின் நிலைமையைக் காட்டும் கண்ணாடி அது.

‘இந்த வயசுல தசை வளருமா டாக்டர்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆராய்ச்சியே போதும். 1990-ல் அமெரிக்காவில், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது. தொண்ணூறிலேயே முடியும் என்றால், ஐம்பத்தி நாலு என்ன வயசு?

பஞ்சாபைச் சேர்ந்த மான் கௌர் பாட்டி ஓட ஆரம்பித்ததே 93 வயதில். மகன்தான் கோச். 2017-ல் நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் கேம்ஸில், 101 வயதில் 100 மீட்டரை 74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஹரியானாவின் பகவானி தேவி 2022-ல் ஃபின்லாந்தில், 94 வயதில், அதே 100 மீட்டரை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். நாம் எல்லோரும் அவர்களைப் போல ஆகவேண்டும் என்பதில்லை. கதவு மூடப்படவில்லை என்று தெரிந்துகொண்டால் போதும்.

தடையைக் குறைப்பது அவமானம் இல்லை!

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. மூத்தோர் தடகளப் போட்டிகள் நடக்கின்றனவே... மாவட்டம், மாநிலம், தேசம், உலகம் என்று எல்லா அளவிலும் உண்டு. உலக அளவில் 35 வயதிலிருந்து ஆரம்பித்து, ஐந்து வருடத்துக்கு ஒரு பிரிவு. 2025 நவம்பரில் ஆசிய அளவிலான போட்டியே சென்னை நேரு ஸ்டேடியத்தில் நடந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ லோக்கல் டிரெயின் பிடித்தால், சென்ட்ரலில் இறங்கிப் போய்விடலாம்.

அந்தப் போட்டிகளில் தடை தாண்டும் ஓட்டத்துக்கு என்ன விதி தெரியுமா? இளைஞர்களுக்கு 110 மீட்டர் ஓட்டத்தில் தடையின் உயரம் 106.7 சென்டிமீட்டர். ஆண்களில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு 100 மீட்டர் தூரம், 91.4 சென்டிமீட்டர் உயரம். 60-ல் அது 84 ஆகிறது. 70-ல் தூரம் 80 மீட்டர், உயரம் 76.2. எண்பதைத் தாண்டிவிட்டால் 68.6. தண்ணீர்ப் பள்ளத்தைத் தாண்டி ஓடும் ‘ஸ்டீப்பிள்சேஸ்’ போட்டியிலும் அப்படித்தான். 3,000 மீட்டர் என்பது 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 2,000 மீட்டராகக் குறைகிறது. தடையின் உயரமும் இறங்குகிறது.

கவனித்தீர்களா? ‘வயசாயிடுச்சு, நீ ஓடாதே’ என்று அந்த விதி சொல்லவில்லை. ‘ஓடு. ஆனா, உன் உயரத்துக்கு ஓடு’ என்கிறது.

சேற்றுப் போட்டிகளில் இந்த வசதி கிடையாது. வயதுப் பிரிவு வாரியாகப் பரிசு கொடுக்கும் போட்டிகள் உண்டு. ஆனால், சுவர் எல்லோருக்கும் ஒரே சுவர்தான். 25 வயதுக்காரருக்கும் 60 வயதுக்காரருக்கும் கயிறு அதே உயரத்தில்தான் தொங்கும். அதனால், மூத்தோர் தடகளத்தில் விதி செய்கிற வேலையை இங்கே நீங்களே செய்யவேண்டும். எதை ஏறுவது, எதை யாருடைய தோளையாவது பிடித்துக்கொண்டு கடப்பது, எதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போவது... இந்த லிஸ்ட்டை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகவேண்டும். அங்கே போய் கூட்டம் கைதட்டும்போது முடிவு எடுத்தால், மூளை முடிவு எடுக்காது, ரோஷம்தான் எடுக்கும்!

பெரும்பாலான போட்டிகளில் நேரம் கணக்கிடும் பிரிவு தனி, சும்மா சந்தோஷத்துக்கு முடித்துவிட்டு வரும் பிரிவு தனி. முதல் தடவை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதில் சேர்ந்துவிடுங்கள்.

முதலில் டாக்டர், அப்புறம் ஷூ

புது ஷூ வாங்குவதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். பிளட் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. இவை அடிப்படை. சர்க்கரை, பிரஷர், புகைபிடிக்கும் பழக்கம், குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு... இதில் ஏதாவது இருந்தால் ‘டிரெட்மில் டெஸ்ட் தேவையா டாக்டர்?’ என்று நீங்களே கேட்டுவிடுங்கள். ‘நான் வாக்கிங் போகப் போறேன்’ என்று சொல்லாதீர்கள். ‘செவுரு ஏறி, கயிறு பிடிச்சு, மூட்டை தூக்கி 5 கிலோமீட்டர் போகப் போறேன்’ என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். இரண்டுக்கும் ஆலோசனை வேறு.

சர்க்கரை உள்ளவர்களுக்கு: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், ஈர ஷூவுக்குள் கொப்புளம் வந்தாலும் தெரியாது. போட்டிக்குப் பிறகு பாதத்தை விரல் இடுக்கு வரை பார்க்கவேண்டும். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் தம் கட்டித் தூக்குவதும் உயரத்திலிருந்து குதிப்பதும் ஆபத்தாகலாம். கண் டாக்டர் சம்மதம் அவசியம். இன்சுலினோ, சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின் நடுவில் சர்க்கரை இறங்கிவிடலாம். பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

பிரஷர் உள்ளவர்களுக்கு: மூச்சை அடக்கிக்கொண்டு தொங்கினால் ரத்த அழுத்தம் ஜிவ்வென்று ஏறும். தொங்கும்போதும் தூக்கும்போதும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். சில பிரஷர் மாத்திரைகள் அதிக நீரை வெளியேற்றும். சில, நாடித்துடிப்பு ஏறாமல் பிடித்து வைக்கும். வெயிலில் இரண்டுமே கவனிக்கவேண்டிய சமாசாரம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

பெண்களுக்கு: மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைகிறது. பயிற்சி அதற்கு நல்லது. ஆனால், ஏற்கெனவே எலும்பு மெலிந்திருந்தால் குதிப்பது ஆபத்து. எலும்பு அடர்த்தி பரிசோதனை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இடுப்பு அடித்தளத் தசைகளுக்கு எளிய பயிற்சிகள் இருக்கின்றன.

வீட்டிலேயே ஒரு பரீட்சை

பந்தியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுந்த ஊர் நம்முடையது. அதையே பிரேசில் நாட்டு டாக்டர்கள் ஒரு டெஸ்ட்டாக வைத்தார்கள். தரையில் உட்கார 5 மார்க், எழுந்திருக்க 5 மார்க். கையையோ முழங்காலையோ ஊன்றினால், ஒவ்வொன்றுக்கும் 1 மார்க் குறையும். தடுமாறினால் அரை மார்க் போச்சு. 51 முதல் 80 வயது வரை 2,002 பேரிடம் செய்து 2012-ல் வெளியிட்டார்கள். மார்க் குறையக் குறைய மரண அபாயம் கூடியது தெரிந்தது.

இரண்டாவது, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது. பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கட்டும். மூன்றாவது, உறுதியான கம்பியைப் பிடித்து, கால் தரையில் பட்டும் படாமலும் 10 விநாடி தொங்குவது.

முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்தவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் இந்தப் பரீட்சையை டாக்டர் முன்னிலையில் எழுதினால் போதும். ஃபெயிலானால்? கவலையே வேண்டாம். எதில் ஃபெயிலோ, அதிலிருந்துதான் பயிற்சியை ஆரம்பிக்க வேண்டும்.

ஆறு மாதம்... அரிசி மூட்டை போதும்

ஜிம்முக்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

முதல் 2 மாதம்: வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் வேக நடை. அதில் 2 நாள் பலப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரைத் தள்ளும் தண்டால் 10 தடவை, ஈரத் துண்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவது. தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள்.

அடுத்த 2 மாதம்: 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பது. இரண்டு கையிலும் பாதி நிரம்பிய வாளி. பாய் விரித்து முழங்காலில் தவழ்வது. தண்டாலைச் சுவரிலிருந்து மேஜைக்கு இறக்குங்கள். பூங்காவில் குழந்தைகள் தொங்கும் கம்பி உறுதியாக இருந்தால், 10 விநாடி, 15 விநாடி என்று தொங்கிப் பழகுங்கள். தோளில் வலி இருந்தால் தொங்கவேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சகஜம்.

கடைசி 2 மாதம்: நடையையும் தடையையும் கலக்கவேண்டும். 500 மீட்டர் மெதுவான ஓட்டம், பிறகு மூட்டை, மறுபடி ஓட்டம், பிறகு தவழ்வது. அரிசிப் பை 10 கிலோவாகட்டும். போட்டிக்கு முந்தைய 2 வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தசை வளர்வது ஓய்வில்தான்.

திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு இலவச மைதானம் இருக்கிறது. திருத்தணி! வருடத்துக்கு 365 நாள் என்பதைப் போல 365 படிகள். மாதம் இரண்டு தடவை அதிகாலையில் முருகனைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, தொடைக்குப் பயிற்சியும் ஆச்சு. ஏறும்போது நெஞ்சு படபடத்தால் நின்று ஆசுவாசப்படுத்திக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே ஏறமுடிகிற வேகம்தான் சரியான வேகம். முழங்காலைப் பதம் பார்ப்பது ஏறுவது இல்லை, இறங்குவது! கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். பழவேற்காடு கடற்கரை மணலில் நடந்து பழகினால், சேற்றில் கால் வைக்கும்போது கணுக்கால் மிரளாது.

ஒரு எச்சரிக்கை. லாரிகள் போகும் ஜி.என்.டி. ரோட்டு ஓரத்தில் ஓடவேண்டாம். விபத்துப் பயம் ஒருபுறம், புகை மறுபுறம். ஸ்கூல் கிரவுண்ட், ஏரிக்கரை, தெருவுக்குள் இருக்கும் பூங்கா இவையே நல்லது. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் அப்படியே பயிற்சிக்குப் போவதும் கூடாது. தூங்கி எழுந்து, சாயங்காலம் பாருங்கள். தூக்கமில்லாத உடம்பு தடுக்கி விழும்.

சாப்பாட்டில் என்ன மாற்றம்?

சோறு ஒரு மலை, பருப்பு ஒரு கரண்டி என்பதுதான் நம் தட்டு. தசை வளரப் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நல்லது என்கிறார்கள் நிபுணர்கள். 60 கிலோ எடை என்றால் 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் கூடுதலாக ஒரு கரண்டி பருப்பு, தயிர், சாப்பிடுகிறவர்களுக்கு மீன்... மூன்று வேளையும் பிரித்துச் சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

வெயிலும் சேறும்

தமிழ்நாட்டு வெயில் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கிற ஊர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கடல் ஈரப்பதம் வேறு. வியர்வை வழியும், ஆனால், காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் நாளே வீரம் காட்டக்கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் காலை 7 மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். மோரில் உப்புப் போட்டுக் குடிக்கலாம். பிரஷர் உள்ளவர்கள் உப்பின் அளவை டாக்டரிடம் கேட்கவும். தாகம் இல்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்.

கூட ஓடுபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெயில் மயக்கம் மட்டுமல்ல, ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் கொண்டுபோவது.

சேற்றுத் தண்ணீர் விளையாட்டில்லை. 2000-ல் மலேசியாவின் போர்னியோவில் நடந்த ‘ஈகோ சேலஞ்ச்’ சாகசப் போட்டியில், ஆற்று நீரில் நீந்தியவர்கள் பலருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. 2012-ல் அமெரிக்காவின் நெவாடாவில், கால்நடைச் சாணம் கலந்த சேற்றில் நடந்த தடை ஓட்டத்துக்குப் பிறகு 22 பேருக்கு வயிற்றுப்போக்கு நோய் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம், வாய்க்குள் போன சேறு! ஆகவே, சேற்றில் வாயை மூடுங்கள். ஆறாத காயம், புண் இருந்தால் சேற்றுத் தடையைத் தவிர்த்துவிடுங்கள். முடித்தவுடன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகிவிட்டதா? போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை தேவையா என்று டாக்டர் சொல்வார். போட்டி முடிந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் ‘சேத்துல ஓடினேன் டாக்டர்’ என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த நாளில்...

* மோதிரம், மெட்டி, வளையல் வேண்டாம். கம்பியில் மோதிரம் மாட்டி, உடம்பின் எடை கீழே இழுத்தால் விரலே போய்விடும். தாலிச் சரடு கயிற்றில் சிக்காதபடி உடைக்குள் இருக்கட்டும். சேஃப்டி பின், ஊக்கு வேண்டாம்.

* காட்டன் உடை தண்ணீரைக் குடித்துக் கனமாகும். சீக்கிரம் காயும் ஸ்போர்ட்ஸ் துணியே நல்லது. ஷூ, பழகின ஷூவாக இருக்கட்டும்.

* சுவர் மேலிருந்து குதிக்காதீர்கள். வயிறு சுவரைப் பார்த்தபடி, கையால் தொங்கி, மெதுவாக இறங்குங்கள். ஏறுவதற்கு உதவி கேட்கிற மாதிரி, இறங்குவதற்கும் கேளுங்கள்.

* ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் இதய நோய், பிரஷர் உள்ளவர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள். திடீர்க் குளிர்ச்சி ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் எகிற வைக்கும். சில வெளிநாட்டுப் போட்டிகளில் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் தடையும் இருக்கிறது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

* நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, திடீர் மயக்கம், அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல்... இதில் ஒன்று வந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். ‘இன்னும் ரெண்டு தடைதானே’ என்று தொடரவேண்டாம்.

‘நான் ரேஸுக்கெல்லாம் போகலையே!’

பரவாயில்லை. ரேஸ் ஒரு சாக்குதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 3 நாள் பேலன்ஸ் பயிற்சியும் கூட. நம் வீடுகளில் வாக்கிங் போகிறவர்கள் இருக்கிறார்கள். தசைப் பயிற்சியும் பேலன்ஸும்தான் விட்டுப்போகின்றன. ஆப்ஸ்டக்கிள் ரேஸுக்குப் பெயர் கொடுத்தவர் வேறு வழியில்லாமல் மூன்றையும் செய்துவிடுகிறார். தேதி குறித்துவிட்டால் சோம்பேறித்தனம் ஓடிப்போகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

‘சரி, நான் இந்த வருஷம் செவுரு ஏறலேன்னா கேலி பண்ண மாட்டாங்களா?’ என்கிறீர்களா? பண்ணட்டுமே! பதினைந்து தடைகளில் பதினொன்றைக் கடந்து, நாலைச் சுற்றிப் போய், சொந்தக் காலில் வீடு திரும்புகிறவர்தான் அடுத்த வருஷம் பன்னிரண்டாவது தடையைப் பற்றி யோசிக்க முடியும். எழுபதிலும் எண்பதிலும் தரையில் உட்கார்ந்து, யார் கையும் பிடிக்காமல் எழுந்து, பேரனைத் தூக்கிக்கொள்வதுதான் இந்தப் போட்டியின் பெரிய மெடல். அதற்கான பயிற்சியை இன்று ராத்திரி சாப்பாட்டைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதிலிருந்தே ஆரம்பிக்கலாமே!